மாற்றம் செய்த பழைய கார் விபத்தில் முற்றாகச் சேதமடைந்தால்: காப்புறுதி இழப்பீடு பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்குளத்துக்கு வடக்கே ஏ9 வீதியோரத்தில் நான் ஒரு வாகனத் திருத்தகம் நடத்தி வருகிறேன். விபத்தில் நொருங்கிய வாகனங்கள் இங்கே இறக்கப்படும்போது, அவற்றின் சொந்தக்காரர்கள் வாங்கில் அமர்ந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. 2023ஆம் ஆண்டில் எனது சொந்தக் காரே அவ்வாறு வந்து இறங்கியபோது, மற்றவர்களுக்குச் சொல்லி வந்த விடைகளில் எவை சரி, எவை அரைகுறை என்பதை நான் அறிந்துகொண்டேன். அதன் பயனாகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். காப்புறுதி நிறுவனம் முதலில் சொல்லும் தொகை யாரோ ஒருவர் போட்ட கணக்கின் விடை என்பதையும், அந்தக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கிப் பிழை இருந்தால் ஆதாரத்துடன் திருத்தச் சொல்லலாம் என்பதையும் முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

என்னிடம் மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டுமே உள்ளது. எனது காருக்கு ஏதாவது கிடைக்குமா?

உங்கள் நிறுவனத்திடமிருந்து கிடைக்காது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி உங்களால் பிறருக்கு ஏற்படும் பாதிப்பை மட்டுமே ஈடுசெய்யும். பிழை மற்றச் சாரதியுடையது என்றால், அவருடைய காப்புறுதியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு உள்ள எல்லைக்குள் நீங்கள் கோரலாம். அதற்குப் பொலிஸ் பதிவும், பிழை யாருடையது என்ற முடிவும் தேவைப்படும். இனி வரும் விடைகள் எல்லாம் முழுமையான காப்புறுதி, அதாவது நாம் பேச்சில் ‘புல் இன்சூரன்ஸ்’ என்று சொல்வதை வைத்திருப்பவர்களுக்கு உரியவை.

எனது காரைத் திருத்த முடியும் என்று மேசன் சொல்கிறார். நிறுவனம் ஏன் ‘முழு இழப்பு’ என்கிறது?

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம்: காரின் தகர வேலை செய்பவரை நாம் டிங்கர் பாஸ் என்போம், ஆனால் சில முதியவர்கள் அவரையும் மேசன் என்றே அழைக்கிறார்கள். அவர் பார்ப்பது திருத்த முடியுமா என்பதை. நிறுவனம் பார்ப்பது திருத்துவது கட்டுமா என்பதை. திருத்தச் செலவு காரின் பெறுமதியை நெருங்கினாலோ தாண்டினாலோ அதை முழு இழப்பாகக் கணித்துப் பணத்தைக் கொடுத்து முடிப்பது நிறுவனத்துக்கு இலாபம். எந்த அளவைத் தொட்டால் முழு இழப்பு என்பது உங்கள் பொலிசியின் வாசகங்களிலும் நிறுவனத்தின் நடைமுறையிலும் தங்கியுள்ளது.

பழைய கார்கள் இந்த எல்லையை மிக விரைவாகத் தாண்டிவிடுகின்றன. ஒரு புதிய காரின் முன்பக்கத்தை நிமிர்த்துவதற்கும் நாற்பது வயதான காரின் முன்பக்கத்தை நிமிர்த்துவதற்கும் தகர வேலைக் கூலியும் பெயின்ற் செலவும் ஏறத்தாழ ஒன்றுதான். பெறுமதியோ பல மடங்கு வேறுபடும். இதிலே உடைமையாளர் கவனிக்க வேண்டிய ஒரு முக்கியமான இடம் உண்டு. மதிப்பீட்டின்போது உதிரிப்பாகங்கள் எந்த விலைக்குப் போடப்பட்டுள்ளன என்று பாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த ஜப்பான் பாகங்களின் விலைக்குப் போட்டால் திருத்தக்கூடியதாக வரும் கார், புத்தம் புதிய பாகங்களின் விலைக்குப் போட்டால் முழு இழப்பாகிவிடும். காரைக் காப்பாற்ற விரும்புகிறவர், பாவித்த பாகங்களுக்கான விலைமனுவை இரண்டு கடைகளிலிருந்து எழுத்தில் பெற்று, திருத்தகத்தின் கூலி மதிப்பீட்டோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் செசி, அதாவது காரின் அடிச்சட்டம், வளைந்திருந்தால், அல்லது கூரையைத் தாங்கும் தூண் மடிந்திருந்தால், அந்தக் காரைத் திருத்தி மீண்டும் ஏ9இல் விடும்படி நான் எவருக்கும் சொல்வதில்லை.

15 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்து, அதற்குரிய பணத்தையும் கட்டினேன். ஏன் 15 இலட்சம் தரவில்லை?

பொலிசியில் எழுதப்பட்டுள்ள காப்புறுதித் தொகை என்பது நிறுவனம் கொடுக்கக்கூடிய உச்ச எல்லை. வழமையான பொலிசிகளில், விபத்துக்குச் சற்று முன்பு கார் இருந்த நிலையில் அதன் சந்தைப் பெறுமதி எவ்வளவோ அதுவும், காப்புறுதித் தொகையும் ஒப்பிடப்பட்டு, இரண்டில் குறைந்தது கொடுக்கப்படும். காப்புறுதி இழந்ததை ஈடுசெய்வதற்கே, அதற்கு மேல் இலாபம் ஈட்டுவதற்கு அல்ல என்ற கோட்பாட்டிலிருந்து இது வருகிறது. அந்தக் கோட்பாட்டில் எனக்குக் குறை இல்லை. குறை எல்லாம் ‘சந்தைப் பெறுமதி’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை யார், எதைப் பார்த்து நிரப்புகிறார் என்பதில்தான்.

எனது கார் 1980களின் டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வாகன், அதாவது பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வாகன் வகை. அதற்கு 15 இலட்சம் ரூபாய்க்குக் காப்புறுதி இருந்தது. முதலில் எனக்குச் சொல்லப்பட்ட தொகை 875,000 ரூபாய். எப்படி என்று கேட்டபோது, “அண்ணை, இது பழைய கார்தானே, இதுக்கு மேலை கேக்கேலாது” என்று தொலைபேசியில் சொன்னார்கள். அது விடையே அல்ல. காப்புறுதியைப் புதுப்பித்தபோது அவர்களுடைய ஆளே வந்து காரைச் சுற்றிப் படம் எடுத்து, நிலை நன்று என்று குறித்து, 15 இலட்சத்தை ஏற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பரிசோதனை அறிக்கையின் பிரதியையும் படங்களையும் நான் எழுத்தில் கேட்டேன். ஐந்து மாதத்துக்கு முன்னர் தாங்களே 15 இலட்சம் பெறும் என்று ஒப்புக்கொண்ட காருக்கு ஏறத்தாழ அரைவாசி விலை சொல்வதை விளக்கும் பொறுப்பு அதன் பிறகு அவர்களுடையதாயிற்று.

காப்புறுதித் தொகை குறைவாக இருந்தால்?

இது எதிர்ப்பக்கத்துச் சிக்கல். இங்கே இதுவே அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாயை எட்டியது. பாவித்த வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய தொகையிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வந்தவர்கள் பலர்.

12 இலட்சம் பெறும் காரை 6 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், முழு இழப்பில் 6 இலட்சத்துக்கு மேல் எதுவும் கேட்க முடியாது. பகுதிச் சேதத்திலும் அடி விழலாம்: பொலிசியில் விகிதாசாரக் கழிவு வாசகம் இருந்தால், 3 இலட்சம் ரூபாய்த் திருத்தத்துக்கு 150,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும், ஏனெனில் பெறுமதியின் அரைவாசிக்கே நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது அன்றைய விலையைப் பார்த்துத் தொகையை மாற்றச் சொல்லுங்கள். விலை இறங்கினாலும் அவ்வாறே. தேவைக்கு மிஞ்சிய தொகைக்குப் பணம் கட்டுவது வீண்.

எஞ்சின் மாற்றியிருக்கிறேன். அதைச் சொன்னால் இழப்பீட்டை மறுத்துவிடுவார்களா?

சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பினதும் முழு நேர்மையின் மேல் நிற்பது. நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கக்கூடிய விடயத்தை நீங்கள் மறைத்தால், அதைக் காரணம் காட்டிக் கோரிக்கையையே நிராகரிக்க அவர்களுக்கு வழி கிடைக்கிறது.

வன்னியில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெற்றோல் கிடைக்காத போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறிய போத்தலில் இருந்து சில துளி பெற்றோலை விட்டுத் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஓட்டம் கிடைத்தது, ஆனால் வால்வுகளும் பிஸ்ரன் வளையங்களும் தேய்ந்தன. ஆகவே எனது திருத்தகத்துக்கு வரும் அந்தத் தலைமுறைக் கார்களில், பிறந்தபோது இருந்த எஞ்சினுடன் வருபவை மிகக் குறைவு. எங்களிடையே எஞ்சின் மாற்றம் பெரும்பாலும் அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டதன்று. அந்தக் காரை உயிரோடு வைத்திருக்கச் செய்தது அது. இதை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில், அதாவது சீஆர் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். எஞ்சின், எரிபொருள் வகை, நிறம், உடலமைப்பு, இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, தேவையானால் வாகனப் பரிசோதகரிடம் காட்டி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். எனது வாகனில் முதலில் இருந்தது 1290 சீசீ கொண்ட 4கே எஞ்சின். அதே மவுண்டில் அமரக்கூடிய 1486 சீசீ 5கே எஞ்சினை நான் மாற்றினேன். வாங்கிய பற்றுச்சீட்டுடன் பதிவையும் திருத்தி, பொலிசியிலும் புதிய இலக்கத்தைப் போடச் செய்திருந்தேன். அந்த ஒரு நாள் அலைச்சல் பின்னர் எனக்குப் பல இலட்சங்களைக் காப்பாற்றியது.

இதுவரை மாற்றத்தைப் பதியாமல் இருப்பவர்கள், விபத்து நடக்கும் முன் இந்த வாரமே தொடங்குங்கள். விபத்து நடந்துவிட்டது என்றால், உண்மையைச் சொல்லி, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும் மாற்றிய திகதியையும் கொடுத்து, அந்த மாற்றம் விபத்துக்குக் காரணமாகவில்லை என்பதை மதிப்பீட்டாளர் தமது அறிக்கையில் குறிப்பிடும்படி கேளுங்கள். பழைய திகதியைப் போட்டு இப்போது எழுதிய பற்றுச்சீட்டை எந்தக் கடைக்காரர் தந்தாலும் வாங்கவேண்டாம். அது பிடிபட்டால் நியாயமான கோரிக்கையும் அதோடு போய்விடும்.

குளிரூட்டி, அலோய் சில்லு, ஒலித்தொகுதி, ஐந்து கியர் பெட்டி ஆகியவற்றுக்குச் செலவழித்த பணம் திரும்பக் கிடைக்குமா?

செலவழித்த பணம் அப்படியே கிடைக்காது. வாங்க வருகிறவர் அந்த மாற்றத்துக்காக எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்பதே கணக்கில் வரும். வெப்பமான இந்தப் பிரதேசத்தில் ஒழுங்காக வேலை செய்யும் குளிரூட்டி ஒரு பழைய காரின் விலையைத் தெளிவாகவே உயர்த்துகிறது. ஐந்து கியர் பெட்டி நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குப் பெறுமதியானது. முன் டிஸ்க் பிரேக் போன்ற பாதுகாப்புச் சார்ந்த மாற்றத்தையும் ஏற்கச் செய்யலாம். மறுபுறம், உயரத்தைக் குறைத்த ஸ்பிரிங்கும் கண்ணைப் பறிக்கும் நிறமும் சிலருக்கு மட்டுமே பிடிப்பதால், விலையைக் குறைக்கவும் கூடும். சத்தம் கூட்டும் சைலன்சர் பொலிஸ் பிரச்சினையையும் சேர்த்துக் கொண்டுவரும்.

இன்னொரு நிபந்தனை உண்டு. உற்பத்தியாளர் பொருத்தாத மேலதிக உபகரணங்கள், பொலிசியின் அட்டவணையில் தனியாகக் குறிக்கப்படாவிட்டால், பெரும்பாலும் காப்புறுதிக்குள் வருவதில்லை. எனது அலோய் சில்லுகளுக்கு எனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவற்றை அட்டவணையில் சேர்க்காதது எனது தவறு. ஆனால் அவை எனக்குச் சொந்தமானவை என்பதால், எச்சத்தை, அதாவது நொருங்கிய காரை, நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்னர் கழற்றி எடுக்க அனுமதி கேட்கலாம். பழைய இரும்புச் சில்லுகளைப் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அனுமதி இல்லாமல் இரவோடிரவாகக் கழற்றுவது வேறு விடயம், அதைச் செய்யவேண்டாம்.

2009இல் பத்திரங்கள் எல்லாம் தொலைந்துவிட்டன. பற்றுச்சீட்டுக்கு எங்கே போவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் அவசரப்படுவதில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் வாகனத்தையே விட்டுவந்தார்கள், கடதாசியை எப்படிக் காப்பது? பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாவது பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப விபரங்களைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்டு அறியலாம்.

திருத்த வேலைகளுக்கான பற்றுச்சீட்டு இல்லாதபோது, வேலை செய்த மெக்கானிக் உயிரோடும் ஊரோடும் இருந்தால், எந்த ஆண்டில், எந்தப் பாகத்தை, எந்த வாகனத்தில் மாற்றினார் என்று அவர் ஒரு சத்தியக்கடதாசி எழுதி, சமாதான நீதவான் முன் கையொப்பமிடலாம். பற்றுச்சீட்டுக்குச் சமம் என்று எந்த நிறுவனமும் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஒன்றுமே இல்லாத கோப்பைவிட அதற்குக் கனம் அதிகம். கலியாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ கார் தெரியும்படி எடுத்த பழைய படங்களையும் தேடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தமது மகளின் சாமத்தியவீட்டு அல்பத்தில் இருந்த ஒரு படத்தை வைத்தே காரின் நிறமும் உட்புற இருக்கையும் எந்த நிலையில் இருந்தன என்று காட்டினார்.

கார் இன்னும் முந்திய சொந்தக்காரரின் பெயரில் இருக்கிறது. பிரச்சினையா?

ஆம், பெரிய பிரச்சினை. ‘ஓப்பின் பேப்பர்’ என்று கையொப்பமிட்ட வெற்று எம்ரிஏ 6 உரிமை மாற்றப் படிவத்துடன் கைமாறிய கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. காப்புறுதி உங்கள் பெயரிலும் பதிவு வேறொருவர் பெயரிலும் இருந்தால், முழு இழப்பின் காசோலையை யாருக்கு எழுதுவது என்ற கேள்வி உடனே எழும். முந்திய சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தாலோ காலமாகிவிட்டாலோ, பணம் மாதக்கணக்கில் தேங்கும். கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே பெயரை மாற்றுங்கள்.

விபத்து நடந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்?

காயப்பட்டவர்களை முதலில் பாருங்கள். பின்னர், முன்கண்ணாடியிலோ அட்டையிலோ உள்ள அவசர இலக்கத்துக்கு அழைத்து, அழைப்பின் குறிப்பு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரவேண்டியிருக்கலாம். ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையிலோ பூநகரி வெளியிலோ இரவில் அவரை எதிர்பார்த்து நிற்பது எளிதல்ல. வாகனத்தை அகற்றத்தான் வேண்டும் என்றால் அழைப்பிலேயே அதைச் சொல்லி அனுமதி பெற்று, அகற்றும் முன்னர் நான்கு பக்கமும், வீதியில் விழுந்த தடமும், செசி இலக்கமும், ஓடிய தூரம் காட்டும் மீற்றரும், எஞ்சின் அறையும் தெரியப் படம் எடுங்கள். எஞ்சின் அறைப் படம் மிக முக்கியம். மாற்றங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கார் யாரோ ஒருவருடைய முற்றத்தில் நாட்கணக்கில் நின்றபிறகு கார்பரேற்றரைக் காணவில்லை என்றால் நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது.

எனது காரின் முன்னே புளியங்குளத்துக்கு அண்மையில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கறுத்த எருமை ஏறியது. அதைத் தவிர்க்கத் திருப்பியபோது மதகுக் கட்டில் மோதினேன். முன் இடது சில்லு கதவுவரை பின்னுக்கு வந்துவிட்டது. கால்நடை உரிமையாளர் யார் என்பதையும் பொலிஸ் பதிவில் சேர்க்கச் சொன்னேன்.

பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். வடக்கு மாகாணத்தில் தமிழ் அரசியலமைப்பின்படி நிர்வாக மொழி. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பமிட்டு, வேகம் பற்றியோ பிழை பற்றியோ நீங்கள் சொல்லாத ஒன்று அதில் இருந்தால், பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

சந்தைப் பெறுமதியை நான் எப்படி நிரூபிப்பது?

நிறுவனத்தின் தொகைக்கு எதிராக ‘இது காணாது’ என்று எழுதுவதால் ஒரு ரூபாவும் கூடுவதில்லை. ஒப்பிடக்கூடிய கார்களைக் காட்ட வேண்டும். அதே வகை, அண்மித்த ஆண்டு, ஒத்த நிலை, ஒத்த மாற்றங்கள் கொண்ட நான்கைந்து கார்களின் விற்பனை விளம்பரங்களை இக்மன், ரியசெவன போன்ற தளங்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் எடுத்து, திகதி தெரியும்படி அச்சிடுங்கள். விபத்து நடந்த வாரத்துக்கு அண்மித்தவையாக அவை இருக்க வேண்டும். விலை மாதத்துக்கு மாதம் அசைந்த இந்தக் காலத்தில் ஓராண்டு பழைய விளம்பரம் உங்களுக்கே எதிராக நிற்கும்.

விளம்பர விலை கேட்கும் விலை, கொடுக்கும் விலையன்று என்று நிறுவனம் சொல்லும். அது சரியான வாதமே. ஆகவே விளம்பரம் செய்தவர்களில் இருவரையாவது அழைத்து, இறுதியாக எவ்வளவுக்குத் தருவார்கள் என்று கேட்டு, அழைத்த திகதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறுங்கள். நிதி நிறுவனங்கள் கடன் கொடுப்பதற்கு ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டாளர் ஒருவராக அவர் இருந்தால் நல்லது. அவருடைய கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும், ஆனாலும் பெறும்.

எனது விடயத்தில் நிறுவனம் ஒப்பிட்டது, குளிரூட்டி இல்லாத, 4கே எஞ்சினே இருக்கும் ஒரு வாகனை. அது அவர்கள் எழுத்தில் அனுப்பிய கணக்கைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது.

அவர்கள் அனுப்பிய பத்திரத்தில் கையொப்பமிடலாமா?

வாசிக்காமல் இட வேண்டாம். ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வாசகம் இருந்தால், அதன்பின் கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. தொகை போதாது என்றால் இவ்வாறு எழுதலாம்:

‘மேற்படி வாகனத்தின் முழு இழப்புக்காகத் தாங்கள் அறிவித்துள்ள தொகையை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. விபத்து நாளில் அதன் சந்தைப் பெறுமதி எவ்வாறு கணிக்கப்பட்டது, எந்த வாகனங்களுடன் ஒப்பிடப்பட்டது, கழிவுகள் எவை, எச்சப் பெறுமதி எவ்வளவு என்பவற்றையும், மதிப்பீட்டாளரின் அறிக்கையின் பிரதியையும் எழுத்தில் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இதைப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கே அனுப்புங்கள். முகவரிடம் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

நொருங்கிய காரை நானே வைத்திருக்கலாமா?

பெரும்பாலும் கேட்கலாம். அப்போது எச்சத்துக்கு நிறுவனம் குறிக்கும் பெறுமதி உங்கள் தொகையிலிருந்து கழிக்கப்படும். எச்சத்துக்கு வந்த விலைகூறலைக் காட்டும்படி கேளுங்கள்; சிலவேளை கழிவதற்காக மட்டும் அது உயர்த்தப்பட்டிருக்கும். பழைய மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் அரிது என்பதால், எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவை சேதப்படாமல் இருந்தால் வைத்திருப்பது பயன்தரும். திருத்தகத்தில் கார் நிற்கும் நாட்களுக்குக் கூலி ஏறும் என்பதையும் மறக்கவேண்டாம். எனது தொழிலில் நானே அதை அறவிடுகிறேன். ஒப்படைப்பதானால், மூலப் பதிவுச் சான்றிதழ், சாவிகள், கையொப்பமிட்ட மாற்றப் படிவம் ஆகியவற்றைப் பணம் உறுதியாகும் முன்னர் கொடுக்கவேண்டாம். படிவத்தில் திகதியை நிரப்பாமல் விடவும் வேண்டாம். உங்கள் பெயரில் உள்ள கார் வேறு கையில் ஓடினால் பொலிஸ் தேடி வருவது உங்களையே.

லீசிங்கில் எடுத்த கார் என்றால்?

பணம் முதலில் நிதி நிறுவனத்துக்குப் போகும். கடன் மீதி போக மிஞ்சியதே உங்களுக்கு. மீதிக் கடன் இழப்பீட்டைவிட அதிகம் என்றால், வித்தியாசத்தை நீங்களே கட்டவேண்டியிருக்கும். ஆகவே கடனைத் தீர்ப்பதற்கான தொகையை நிதி நிறுவனத்திடம் எழுத்தில் பெற்ற பின்னரே பேரம் பேசுங்கள்.

நிறுவனம் மசியவில்லை. அடுத்து எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் முறையிட்டு, அவர்களுடைய இறுதி விடையைப் பெறுங்கள். அந்த விடை திருப்தியளிக்காவிட்டால் காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதோடு, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை ஏற்கிறது. கொழும்புக்குப் போகாமலே தபாலில் இவற்றைச் செய்யலாம். கோப்பில் திகதி வரிசைப்படி அடுக்கிய பிரதிகள் மட்டும் இருக்கட்டும், மூலப் பத்திரங்களை அனுப்பவேண்டாம்.

தொகை பற்றிய பிணக்கை நடுத்தீர்ப்புக்கு விடவேண்டும் என்ற வாசகம் பல பொலிசிகளில் உள்ளது, அதைப் பாருங்கள். நீதிமன்றம் செல்வதானால் எழுத்து ஒப்பந்தம் மீதான வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் நிராகரித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் செயற்பட வேண்டும் என்ற நிபந்தனை பொலிசியிலேயே இருக்கக்கூடும் என்பதால், ஆறு ஆண்டு என்று நம்பித் தூங்கவேண்டாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

உங்களுக்குக் கடைசியில் எவ்வளவு கிடைத்தது?

நான்கு விளம்பரங்கள், ஒரு மதிப்பீட்டு அறிக்கை, எஞ்சின் பற்றுச்சீட்டு, புதுப்பித்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றுடன் மூன்று கடிதங்கள் எழுதினேன். ஏழாவது வாரத்தில், 875,000 ரூபாய் என்ற பெறுமதியை 1,300,000 ரூபாயாக மாற்றினார்கள். அதிலிருந்து எக்செஸ், அதாவது இழப்பில் நானே ஏற்கவேண்டிய பங்கு, 25,000 ரூபாயும், காரை நானே வைத்துக்கொண்டதால் எச்சத்துக்கு 150,000 ரூபாயும் கழிந்து, 1,125,000 ரூபாய் எனது கணக்கில் வரவானது. குளிரூட்டியின் பெயரில் தனியாக ஒன்றும் சேரவில்லை. ஒப்பிட்ட கார்களில் குளிரூட்டி இருந்ததால் மொத்தத்தில் அது உள்ளடங்கியது. அந்த 5கே எஞ்சின் இப்போது எனது தம்பியின் வாகனில் ஓடுகிறது. அவன் அதைப் பொருத்திய மறுவாரமே பதிவுச் சான்றிதழில் இலக்கத்தை மாற்றி, புதிய பொலிசியின் அட்டவணையில் குளிரூட்டியையும் சில்லுகளையும் பெயர் சொல்லி எழுதுவித்திருக்கிறான்.